60 வயசைத் தாண்டி அடிக்கடி வெளியூர் போறீங்களா? ஹோட்டல்ல ஸ்டாரைப் பார்க்காதீங்க, பாத்ரூமைப் பாருங்க!

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனை செக்கப், நடுவில் ஒரு கோயில் பயணம், பேத்தியின் பிறந்தநாள், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். வேலையில் இருந்த காலத்தைவிட ஓய்வு பெற்ற பிறகுதான் பலருக்குப் பயணம் அதிகமாகிறது. முன்பெல்லாம் மதுரைக்குப் போனால் சித்தப்பா வீடு, திருச்சிக்குப் போனால் அத்தை வீடு. இப்போது "எதுக்கு அவங்களுக்குத் தொந்தரவு, ஒரு ரூம் போட்டுக்கலாம்" என்பதுதான் பல வீடுகளில் பேச்சு.

சரி, அந்த ரூமைப் போடுவது யார்? பெரும்பாலும் மகனோ மகளோதான். செல்போனில் செயலியைத் திறந்து விலை, ஸ்டார், ரேட்டிங், நாலு படம் பார்த்து ஐந்து நிமிடத்தில் புக் பண்ணிவிடுகிறார்கள். 35 வயதுக்காரருக்கு அது போதும். 70 வயதுக்காரருக்குத் தெரிய வேண்டிய விஷயம் அந்தப் படங்களில் அநேகமாக இருக்காது. பெரிய ஹோட்டலில் கண்ணாடி மாதிரி பளபளக்கும் தரை, ஈரமானால் கால் நிற்காது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து சாதாரண லாட்ஜில் சொரசொரப்பான தரையும், பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பியும் இருக்கலாம்.

அப்படியென்றால் வயதானவர்களுக்கு நல்ல ஹோட்டல் என்பதை எதை வைத்து முடிவு செய்வது? காரில் இருந்து இறங்கும் இடம் முதல் கட்டில் வரை, கட்டிலில் இருந்து கழிவறை வரை. இந்த இரண்டு வழியும் சரியாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்டார் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

இந்தியாவில் ஹோட்டல்களுக்கு ஸ்டார் அந்தஸ்து கொடுப்பது மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஒரு குழு. ஹோட்டல்காரர் தாமாக விண்ணப்பித்தால்தான் ஆய்வுக்கு வருவார்கள், கட்டாயம் இல்லை. ஒருமுறை கிடைத்தால் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். நம் ஊர் லாட்ஜ்களில் பெரும்பாலானவை இதற்கு விண்ணப்பிப்பதே இல்லை. செயலிகளில் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் ஸ்டார் எல்லாம் அரசு கொடுத்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆனால் இந்த ஸ்டார் விதிமுறைக்குள் நமக்குப் பயன்படும் ஒரு விஷயம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற அறை ஒன்றாவது இருக்க வேண்டும், அதன் கதவு சக்கர நாற்காலி நுழையும்படி குறைந்தது ஒரு மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பல ஹோட்டல்களில் அந்த அறை இருக்கும். யாரும் கேட்காததால் மற்ற ரூம்களோடு சேர்த்துச் சாதாரணமாகக் கொடுத்துவிடுவார்கள். முழங்கால் வலி உள்ளவரும், கைத்தடி வைத்திருப்பவரும் அந்த அறையைக் கேட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை. "நான் என்ன ஊனமா?" என்று அப்பா கோபித்துக்கொள்வார் என்றால் அவரிடம் சொல்ல வேண்டாம், "பெரிய ரூம்" என்று சொல்லி புக் பண்ணுங்கள். பொய்யும் இல்லை, பெரும்பாலும் அது பெரிய ரூம்தான்.

சட்டமும் இருக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களையும் 'பொதுக் கட்டடம்' என்றே சேர்த்துக்கொள்கிறது. சாய்தளம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் அரசின் வழிகாட்டுதல் உண்டு: ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். வாசலில் ஆறே அடி நீளத்தில் செங்குத்தாக ஒரு சரிவு போட்டு, "ராம்ப் இருக்கு சார்" என்று சொல்லும் இடங்கள் நிறைய. அது பைக்கை ஏற்றுவதற்கு. பெரியவர்கள் ஏறுவதற்கு இல்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு என்ன நடக்கும்?

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, தவறி விழுவதால் மட்டும் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். அதில் அதிகம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் ஆபரேஷன், மாதக்கணக்கில் படுக்கை, அதற்குப் பிறகு பழைய நடை பலருக்குத் திரும்புவதில்லை.

சொந்த வீட்டில் கண்ணை மூடிக்கொண்டே பாத்ரூம் போய்விடுவார்கள். 20 வருடமாக நடந்த வழி. ஹோட்டலில் அப்படி இல்லை. தூக்கம் கலைந்து எழும்போது கட்டில் எந்தப் பக்கம், கதவு எந்தப் பக்கம் என்பதே சில நொடி புரியாது. வயதாக ஆக இரவில் எழுந்து சிறுநீர் கழிக்கப் போவது அதிகமாகும். பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கி ஒரு கிறுகிறுப்பு வரும். கண்ணும் ஒத்துழைக்காது. 20 வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் எட்டும் என்கிறார்கள் கண் நிபுணர்கள். இளைஞருக்கு 'ரம்மியமான' மங்கல் வெளிச்சம், தாத்தாவுக்குக் கும்மிருட்டு.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது படுத்த இடத்தில் இருந்தே கை எட்டும் ஸ்விட்ச் இருக்கிறதா என்பதுதான். பல லாட்ஜ்களில் எல்லா ஸ்விட்சும் வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கட்டிலுக்கு நடந்து வர வேண்டும். பெரிய ஹோட்டல்களில் வேறு சிக்கல். கட்டில் தலைமாட்டில் பன்னிரண்டு ஸ்விட்ச் இருக்கும், எதை அமுக்கினால் எது எரியும் என்று கண்டுபிடிக்கவே கண்ணாடி போட வேண்டியிருக்கும்.

கட்டிலின் உயரமும் முக்கியம். ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பட வேண்டும், முழங்கால் மடங்கும் உயரத்தில் மெத்தை இருக்க வேண்டும். மெத்தைக்கு மேல் மெத்தை போட்டு உயர்த்திய கட்டில் பார்க்க அழகு, இறங்கும்போது கால் தொங்கும். ரொம்பத் தாழ்வான, உள்ளே அமிழ்ந்து போகிற மெத்தையில் இருந்து எழுந்திருக்க ஆள் வேண்டும். இருவராகப் போகிறீர்கள் என்றால் தனித்தனிக் கட்டில் கேட்கலாம். ஒருவர் எழுந்தால் இன்னொருவர் தூக்கம் கெடாது. எக்ஸ்ட்ரா பெட் என்று தரையில் விரிக்கும் மெத்தையைப் பெரியவர்களுக்குப் போட விடாதீர்கள்.

பாத்ரூம்: இதைத்தான் முதலில் பார்க்கணும்

நம் ஊர் பாத்ரூம்களில் வாசலிலேயே ஒரு கண்டம் இருக்கிறது. தண்ணீர் வெளியே வராமல் இருக்க ஒரு சின்னத் திட்டு கட்டியிருப்பார்கள், அல்லது பாத்ரூம் தரை ரூம் தரையைவிட இரண்டு மூன்று அங்குலம் இறங்கியிருக்கும். பெரிய படி என்றால் கண்ணுக்குத் தெரியும், பார்த்து இறங்குவோம். இரண்டு அங்குலம் என்பதால்தான் கால் தட்டுகிறது. திட்டும் தரையும் ஒரே நிற டைல்ஸ் என்றால் இன்னும் மோசம்.

உள்ளே தரை சொரசொரப்பாக இருக்க வேண்டும். குளிக்கும் இடமும் கழிவறை இருக்கும் இடமும் தனித்தனியாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒருவர் குளித்த பிறகு இன்னொருவர் கழிவறைக்குப் போக ஈரத்தில் நடக்க வேண்டும். கண்ணாடித் தடுப்பு போட்டிருந்தால் அதன் அடியில் திட்டு இருக்கிறதா பாருங்கள். சில பழைய ஸ்டார் ஹோட்டல்களில் பாத் டப்புக்குள் ஏறி நின்றுதான் ஷவரில் குளிக்க வேண்டும். முழங்கால் உயரத்துக்குக் காலைத் தூக்கி, வழுக்கும் தொட்டிக்குள் வைக்க வேண்டும். 65 வயதுக்கு மேல் அந்த ரூம் எவ்வளவு ஆடம்பரமாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று இப்போது எல்லோரும் கேட்டுவிடுகிறார்கள். அதன் உயரத்தை யாரும் கேட்பதில்லை. வழக்கமான கோப்பை சுமார் 40 செ.மீ. உயரம். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு வழிகாட்டுதலில் சொல்வது 45 செ.மீ.க்கு மேல். இந்த இரண்டு அங்குல வித்தியாசத்தை முழங்கால் தேய்மானம் உள்ளவரைக் கேட்டால் தெரியும். பக்கத்தில் பிடித்து எழக் கம்பி இருக்க வேண்டும். கம்பி இல்லாத இடத்தில் பெரியவர்கள் எதைப் பிடிப்பார்கள்? துண்டு போடும் கம்பியை. அது துண்டின் எடையைத் தாங்கத்தான் மாட்டியிருக்கிறது, ஆளின் எடைக்கு இல்லை. இரண்டு திருகாணியோடு கையில் வந்துவிடும்.

ஷவரைவிட வாளியும் குவளையும்தான் நம் பெரியவர்களுக்குப் பழக்கம். அதற்கு உட்கார ஒரு நாற்காலி வேண்டும். ரிசப்ஷனில் "பாத்ரூம்ல உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் சேர் வேணும்" என்று கேளுங்கள். எந்த லாட்ஜிலும் நாலு பிளாஸ்டிக் சேர் கிடக்கும், இதற்குக் காசும் கேட்க மாட்டார்கள். கை வைத்த சேராக இருக்கட்டும், கால்களின் அடியில் ரப்பர் தேய்ந்துபோகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். முக்காலி வேண்டாம், சாயும்.

வெந்நீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கீசரில் இருந்து வரும் தண்ணீர் 60 டிகிரி இருந்தால் சில நொடிகளிலேயே தோல் வெந்துவிடும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரிவதற்குள் கொப்புளம் வந்திருக்கும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். சோலார் வெந்நீர் உள்ள லாட்ஜ்களில் காலை சில மணி நேரம்தான் வரும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கதவு. உள்பக்கமாகத் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால், அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும்; வெளியே இருப்பவர் தள்ளித் திறக்க முடியாது. வெளிப்பக்கம் திறக்கும் கதவு கிடைத்தால் நல்லது. அதைத் தேடிப்பிடிப்பது கஷ்டம் என்பதால் எளிய வழி: கூட ஆள் இருந்தால் தாழ்ப்பாள் போடாதீர்கள். தனியாகப் போனால் போனை பாத்ரூமுக்குள் எடுத்துப் போய்க் கை எட்டும் இடத்தில், தண்ணீர் படாமல் வையுங்கள்.

"லிஃப்ட் இருக்கா?" தப்பான கேள்வி

இருக்கு என்றுதான் சொல்வார்கள். உண்மையும்கூட. ஆனால் ரோட்டில் இருந்து வாசலுக்கு ஐந்து படி, வாசலில் இருந்து லிஃப்டுக்கு மூன்று படி, சில பழைய கட்டடங்களில் லிஃப்ட் நிற்பது இரண்டு மாடிக்கு நடுவே, அங்கிருந்து அரை மாடி ஏற வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி இது: "ஆட்டோவுல இருந்து இறங்கினா கட்டில் வரைக்கும் மொத்தம் எத்தனை படி?" கூடவே, "கரண்ட் போனா லிஃப்ட் ஜெனரேட்டர்ல ஓடுமா?"

தரைத்தள ரூம் கிடைத்தால் இந்தக் கவலை இல்லை. ஆனால் தரைத்தளத்தில் சமையலறைச் சத்தம், வண்டிச் சத்தம் இருக்கும். முதல் மாடி, லிஃப்டுக்குப் பக்கத்தில், அதே சமயம் லிஃப்ட் கதவுக்கு நேர் எதிரே இல்லாத ரூம். இதுதான் எங்கள் சிபாரிசு. தீ விபத்து என்றால் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது, படியில்தான் இறங்க வேண்டும் என்பதால் ஐந்தாவது மாடி 'வியூ' பெரியவர்களுக்கு வேண்டாம்.

கோயிலுக்குப் பக்கத்தில் ரூம் என்பதும் சில நேரம் கண்கட்டு வித்தை. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளுக்குள் வண்டிகளை விடுவதில்லை. கோபுரத்துக்கு எதிரே ரூம் என்று ஆசைப்பட்டால் பெட்டியோடு நடக்க வேண்டி வரும். சற்றுத் தள்ளி, ரயில் நிலையம் பக்கம் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி மாதிரி இடத்தில் வாசல் வரை ஆட்டோ வரும் லாட்ஜாகப் பார்த்துத் தங்கிவிட்டு, கோயிலுக்கு வண்டியில் போய் முடிந்தவரை பக்கத்தில் இறங்குவது கால்களுக்கு நல்லது. ஊட்டி, கொடைக்கானலில் 'காட்டேஜ்' என்றால் உஷார். மலைச்சரிவில் கட்டியிருப்பார்கள், ரிசப்ஷனில் இருந்து ரூமுக்கு 30 படி இறங்க வேண்டியிருக்கலாம், சாப்பாட்டுக்கு மறுபடி 30 படி ஏற வேண்டியிருக்கலாம். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு திரும்புவீர்கள். அந்த ஈரத்தோடு டைல்ஸ் தரையில் நடப்பதால், அங்கே தரையை ஒன்றுக்கு இரண்டு முறை விசாரியுங்கள்.

விடியற்காலை 5 மணிக்கு இறங்கினால் ரூம் கிடைக்குமா?

இளைஞர்கள் பையை ரிசப்ஷனில் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போவார்கள். இரவு ரயிலில் தூங்காமல் வந்த 70 வயதுக்காரர் என்ன செய்வார்? செக்-இன் மதியம் 12 மணி என்றால் 5 மணிக்கு வந்தவர் ஏழு மணி நேரம் லாபி சோபாவில்தான்.

இந்த விஷயத்தில் பெரிய ஹோட்டல்களைவிட நம் ஊர் லாட்ஜ்களே மேல். கோயில் நகரங்களில் பல லாட்ஜ்களில் '24 மணி நேர செக்-அவுட்' உண்டு. காலை 5 மணிக்கு நுழைந்தால் மறுநாள் காலை 5 மணி வரை ஒரு நாள் வாடகை. செயலியில் புக் பண்ணினால் இந்தச் சலுகை கிடைக்குமா, அல்லது செயலி போட்டிருக்கும் 12 மணிக் கணக்கா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். வாக்குவாதம் பெரும்பாலும் இங்கேதான் வரும்.

12 மணி ஹோட்டல்தான் வேண்டும் என்றால் முந்தின நாளில் இருந்தே புக் பண்ணிவிட்டு, "விடியக்காலைதான் வருவோம், ரூமை வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க" என்று போனில் சொல்லி வையுங்கள். ஒரு நாள் வாடகை கூடுதல்தான். ஒருநாள் தூக்கம் கெட்டால் அதற்கடுத்த இரண்டு நாளும் தலைசுற்றல் என்று இருப்பவர்களுக்கு அது வீண் செலவு இல்லை. சில மணி நேரம்தான் ஓய்வு வேண்டும் என்றால் ரயில் நிலைய ஓய்வறைகளை டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசி தளத்தில் புக் பண்ணலாம். வாடகை குறைவு. பல நிலையங்களில் அவை மாடியில் இருக்கும், லிஃப்ட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முகூர்த்த நாளா? காலண்டரைப் பாருங்க

ஹோட்டலோடு கல்யாண மண்டபம் சேர்ந்திருந்தால் முகூர்த்த நாளில் விடியற்காலையே நாதஸ்வரமும் மேளமும் காதுக்குள் கேட்கும். முந்தின இரவு ரிசப்ஷன், பாட்டுக் கச்சேரி. லிஃப்டிலும் இடம் கிடைக்காது. மண்டபம் உள்ள ஹோட்டலில் தங்குவதாக இருந்தால் தினசரி காலண்டரை ஒருமுறை கிழித்துப் பார்த்துவிட்டு புக் பண்ணுங்கள். கீழே பார் உள்ள ஹோட்டல்களும் அப்படித்தான், அதற்கு முகூர்த்தம்கூடத் தேவையில்லை.

சாப்பாடும் இன்சுலினும்

சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்காகக் காத்திருப்பது ஆபத்து. 'இலவச காலை உணவு' 7.30-க்குத்தான் தொடங்கும் என்றால், 6 மணிக்குக் கிளம்புகிறவருக்கு அதனால் என்ன பயன்? நாலு இட்லியைக் கட்டித் தருவார்களா என்று கேளுங்கள். இரவு 7 மணிக்கே இட்லியோ தயிர் சாதமோ ரூமுக்கு வந்துவிடுமா என்பதும் பஃபேயில் 40 வகை இருக்கிறது என்பதைவிட முக்கியம்.

இன்சுலின் எடுத்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ரூமில் உள்ள சின்ன ஃப்ரிட்ஜ். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பல ஹோட்டல்களில் கதவுச் சாவி அட்டையை வெளியே எடுத்தால் ரூமில் மொத்த மின்சாரமும் நின்றுவிடும். ஃப்ரிட்ஜும் சேர்ந்து நிற்கும். நீங்கள் காலையில் போய் மாலையில் வந்தால் மருந்து அதுவரை வெறும் பெட்டிக்குள் இருந்திருக்கும். அட்டையை எடுத்தாலும் ஃப்ரிட்ஜ் ஓடுமா என்று கேளுங்கள். ஃப்ரீசர் பகுதியில் மட்டும் வைத்துவிடாதீர்கள்; உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனா, ரூம் வெப்பம் அதிகம் இல்லாத வரை சுமார் நான்கு வாரம் வெளியே தாங்கும் என்பதால் அதற்குப் பயப்பட வேண்டாம். உறக்கத்தில் மூச்சுத் தடைக்கு மெஷின் வைத்துப் படுப்பவர்கள், தலைமாட்டில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

ஒரு போன் போதும்

செயலியில் பணம் கட்டுவதற்கு முன், ஹோட்டலின் நேரடி எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். காலை 10 முதல் 12 வரை செக்-அவுட் அவசரத்தில் இருப்பார்கள், ஒழுங்காகப் பேச மாட்டார்கள். மதியம் 3 மணிக்கு மேல் கூப்பிடுங்கள். பேச்சு இப்படி இருக்கட்டும்:

"அம்மாவுக்கு 72 வயசு, முட்டி வலி. கட்டில் வரைக்கும் எத்தனை படி ஏறணும்? பாத்ரூம்ல பிடிச்சு எழுந்திருக்கக் கம்பி இருக்கா? ராத்திரி ரிசப்ஷன்ல ஆள் இருப்பாங்களா, இல்ல ஷட்டர் போட்டுடுவீங்களா? கொடுக்கப் போற ரூமோட பாத்ரூமை ஒரு சின்ன வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்ப முடியுமா?"

பதிலைவிட பதில் சொல்கிற விதத்தைக் கவனியுங்கள். "எல்லாம் இருக்கு சார், வாங்க" என்று ஒரே மூச்சில் சொல்பவர் எதையும் பார்க்காமல் சொல்கிறார். "கம்பி இல்லைங்க, ஆனா 102-ல தரை வழுக்காது, நான் பார்த்துட்டுக் கூப்பிடுறேன்" என்று சொல்பவரின் ஹோட்டலில் தைரியமாகத் தங்கலாம். வீடியோ அனுப்ப மறுத்தால் கோபப்பட வேண்டாம், அடுத்த ஹோட்டலுக்குக் கூப்பிடுங்கள்.

வாடகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூம்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய கணக்கில் பில் போட்டால் கேள்வி கேளுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அடிக்கடி போகிறவர்களுக்கு மட்டும்

ஒவ்வொரு முறையும் புது ஹோட்டல் தேடி 200 ரூபாய் மிச்சம் பிடிப்பது வயதானவர்களுக்கு லாபம் இல்லை. ஒரு ஊரில் ஒரு நல்ல இடம் கிடைத்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் பெயரை மட்டும் குறித்து வைத்தால் போதாது, ரூம் எண்ணையும் குறித்து வையுங்கள். ஒரே கட்டடத்தில் 104-ல் திட்டு இருக்காது, 204-ல் இருக்கும். அடுத்த முறை "104 கிடைக்குமா?" என்று கேட்டால், இரண்டாவது தடவைக்குள் அவர்களே "வாங்கம்மா, உங்க ரூமை எடுத்து வெச்சிருக்கோம்" என்பார்கள். மூன்றாவது தடவை பிளாஸ்டிக் சேர் கேட்காமலே வந்திருக்கும். பாதி இருட்டில் எழுந்தாலும் கதவு எந்தப் பக்கம் என்று கால்களுக்கே தெரியும்.

மருத்துவமனைக்காகப் போகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். வேலூர் சிஎம்சி-யைச் சுற்றி காந்தி ரோடு பகுதியில் இருக்கும் லாட்ஜ்களில் தங்குபவர்கள் பெரும்பாலும் நோயாளிகளும் அவர்கள் குடும்பமும்தான். வடகிழக்கு மாநிலங்களில் இருந்தும் மேற்கு வங்கத்தில் இருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். சமைத்துக்கொள்ள வசதியுள்ள ரூம்களும் கிடைக்கும். பத்தியச் சாப்பாடு சாப்பிடுபவர்களுக்கு இது பெரிய விஷயம். மருத்துவமனைக்கு ரொம்பப் பக்கம் என்று மூன்றாவது மாடி லிஃப்ட் இல்லாத ரூமை எடுப்பதைவிட, ஆட்டோவில் ஐந்து நிமிடம் தள்ளி, கீழ்த்தளத்தில் எடுப்பது நல்லது. பரிசோதனைக்கு ஒரு நாளில் மூன்று முறைகூட ரூமுக்கும் மருத்துவமனைக்கும் நடையாய் நடக்க வேண்டி வரும்.

இன்னொரு சின்ன அடையாளம். செக்-இன் பண்ணும்போது ரிசப்ஷனில் இருப்பவர் யாரிடம் பேசுகிறார் என்று பாருங்கள். தங்கப்போவது அப்பா, ஆனால் பேச்செல்லாம் மகனிடம் என்றால், மகன் ஊருக்குக் கிளம்பிய பிறகு அந்தப் பெரியவர் போனில் கூப்பிட்டால் எவ்வளவு சீக்கிரம் வருவார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். "ஐயா, உட்காருங்க, ஃபாரத்தை நான் எழுதிக்கிறேன்" என்று சேரைக் காட்டுகிற இடம் பெரும்பாலும் மற்ற விஷயத்திலும் ஏமாற்றாது.

ரூமுக்குள் நுழைந்ததும்...

பெட்டியைத் திறக்காதீர்கள். முதலில் பாத்ரூம் விளக்கைப் போட்டுப் பாருங்கள். குழாயைத் திறந்து வெந்நீர் வருகிறதா, தரை எப்படி இருக்கிறது, கதவு சரியாகத் திறக்கிறதா என்று பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் அப்போதே ரூம் மாற்றச் சொல்லுங்கள். துணிமணியெல்லாம் எடுத்து வைத்து, பாத்ரூமைப் பயன்படுத்திய பிறகு கேட்டால் மாற்றித் தரத் தயங்குவார்கள், உங்களுக்கும் அலுப்பாகிவிடும்.

கட்டிலில் இருந்து பாத்ரூம் வரை உள்ள வழியில் மிதியடி, டீப்பாய், செருப்பு எதுவும் கிடக்கக் கூடாது. வழுக்கும் மிதியடியைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். பாத்ரூமுக்குப் பக்கமாக உள்ள ஓரத்தில் பெரியவர் படுக்கட்டும். இரவு பாத்ரூம் விளக்கை எரியவிட்டுக் கதவைக் கொஞ்சம் சாத்தி வைத்தால் அதுவே நைட் லேம்ப். எழுந்ததும் உடனே நிற்காமல் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நடக்கச் சொல்லுங்கள். தலையணைக்குப் பக்கத்தில் கண்ணாடி, போன், ஒரு சின்ன டார்ச்.

ரிசப்ஷனில் ஒரு விசிட்டிங் கார்டு வாங்கி அப்பாவின் சட்டைப் பையில் வையுங்கள். 108-க்குக் கூப்பிட்டால் முதலில் கேட்பது இடம்தான். வெளியூரில் பதற்றத்தில் தெருப் பெயர் ஞாபகம் வராது. அந்தக் கார்டின் பின்பக்கம் ரூம் எண், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், மகன் அல்லது மகளின் போன் எண் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567-ஐயும் எழுதலாம். அது ஆலோசனைக்கும் உதவிக்கும்தான், ஆம்புலன்ஸுக்கு 108-தான்.